நாவல் மர நிழலில் நான் வெளுத்த முகம்

நாராயணா தொழிற்பேட்டையில் நாலு கலர் ஆஃப்செட் மெஷின் ஓடுகிற ஒரு ஷெட், அதற்கு மேலே பைண்டிங் கூடம், ஜனக்புரியில் மாடி வீடு, படித்து ஆளான இரண்டு பிள்ளைகள், என்னிடம் தொழில் பழகிவிட்டு இன்று எனக்கே போட்டியாகக் கடை வைத்திருக்கும் பல பேர். இவை நான் உண்டாக்கியவை. அஞ்சாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து டெல்லி வந்து இறங்கியபோது இந்தியில் எனக்குத் தெரிந்தது ‘நஹி’ என்ற ஒரு சொல்தான். கோல் மார்க்கெட்டில் சித்தப்பாவுக்குக் கொடுத்திருந்த கவர்மெண்ட் குவார்ட்டர்ஸில் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே இருந்த நடையில் படுத்துக்கொண்டு, பகலெல்லாம் ஓர் அச்சகத்தில் பேப்பர் கட்டுத் தூக்கினேன். பேங்க்காரர் நாற்காலியைக் காட்டாத காலத்தில் நின்றபடியே லோன் கேட்டேன். எவனோ உடைசலுக்குப் போட இருந்த மெஷினை வாங்கி, நானே பிரித்து நானே பூட்டினேன். ஜனவரிக் குளிரில் மை இறுகிப்போய் ஊருக்கெல்லாம் மெஷின் நின்றபோது, வெந்நீர்ச் சட்டியில் மை டப்பாவை உட்கார வைத்து என் மெஷினை ஓட்டினேன்.

கல்யாணப் பத்திரிகை, காலண்டர், தேர்தல் போஸ்டர், பியூட்டி பார்லர் விளம்பரம், பள்ளிக்கூட ஆண்டு மலர் என்று என் மெஷினுக்குள் போய் வராத முகம் டெல்லியில் குறைவு. பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட எனக்கு உரிமை உண்டு. ஆனால் இதை எழுத உட்கார்ந்தது பெருமையால் இல்லை. போன ஜூலையில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது நினைவுக்கு வந்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. காலையில் ஷேவ் பண்ணக் கண்ணாடி முன்னால் நின்றால் அதுதான் முதலில் வருகிறது.

என் மகள் குழந்தைகளுக்குப் படப் புத்தகம் செய்கிறவள். கதையும் அவளே, படமும் அவளே. அந்த வேலைக்குப் போகிறேன் என்றபோது, “படம் வரைஞ்சா யாரு தாயி சோறு போடுவா?” என்று கேட்டேன். அவளுடைய ஒரு புத்தகத்துக்குப் பெரிய விருது கிடைத்ததும், ‘நான் மெஷின் ஓட்டினதைப் பாத்து வளந்த பிள்ளை, கலர் அவ ரத்தத்துல இருக்கு’ என்று ஷெட் முழுக்க ஜிலேபி கொடுத்தேன்.

அந்தப் புத்தகத்தில் வார்த்தை அதிகமில்லை. ஒரு பக்கத்துக்கு ஒரு வரி. புது டெல்லி ரோட்டோரம் வரிசையாக நிற்கும் நாவல் மரங்களின் கீழே பிள்ளைகள் கண்ணாமூச்சி ஆடுகிறார்கள். ஒவ்வொருவராக மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு பெண் குழந்தை மட்டும் மாட்டவில்லை. அவள் நல்ல கறுப்பு. கறுப்பென்று மற்றவர்கள் கேலி செய்யும் பிள்ளை. அவள் மரத்தில் ஏறி, கிளைக்கும் இலைக்கும் பழத்துக்கும் நடுவில் சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறாள். பொழுது சாய்கிறது. இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே இருட்டாக ஒரு படம். அவளைக் கண்டுபிடிக்க வேண்டியது விளையாடுகிற பிள்ளைகள் மட்டுமில்லை, புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் பிள்ளையும்தான். தாளைச் சாய்த்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தால்தான் ஒரு கன்னமும் ஒரு முழங்காலும் தெரியும். கடைசியில் எல்லாரும் தோற்றுப்போய்க் கூப்பிட்டதும், அடுத்த பக்கத்தில் அவள் ஊதா நாக்கை நீட்டிச் சிரிப்பாள். அந்த இருட்டுப் படத்துக்காகவே விருது கொடுத்ததாகச் சொன்னார்கள்.

அந்தப் பிள்ளை என் பேத்தி. மகள் தன் பிள்ளையைப் பார்த்து வரைந்தது. மருமகன் வடக்கத்திக்காரர், கோதுமை நிறம். பேத்தியோ என்னை அப்படியே உரித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

ஆங்கிலத்திலும் இந்தியிலும் அந்தப் புத்தகத்தை வேறு அச்சகத்தில் அடித்திருந்தார்கள். தமிழில் வரப்போகிறது என்றதும் நான் விடவில்லை.

“எம் பொண்ணு புஸ்தகத்தை எவனோ அடிப்பான், நான் கல்யாணப் பத்திரிகை அடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கணுமா?”

“அப்பா, உங்க வேலை வேற மாதிரிப்பா. இது கொஞ்சம் நாஸுக்கான கலர்” என்றாள் மகள்.

“ஏத்தா, நீ பொறக்கிறதுக்கு முன்னாடியே கலர் அடிச்சவன்ட்ட நாஸுக் சொல்லித் தாரியா?”

பதிப்பகம் நடத்தும் பெண்ணிடம் அவளே பேசி எனக்கு வேலையை வாங்கிக் கொடுத்தாள். மாதிரித் தாள்களை எங்கள் ஷெட்டு விளக்குக்குக் கீழே வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். “இதே மாதிரி வந்தாப் போதும்பா. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அச்சகக்காரன் புத்தகத்தை எப்படிப் பார்க்கிறான் என்று வெளியாட்களுக்குத் தெரியாது. எங்களுக்கு முதல் பக்கம், கடைசிப் பக்கம் கிடையாது. ஒரு பெரிய தாளின் முன்னால் எட்டுப் பக்கம், பின்னால் எட்டுப் பக்கம் இருக்கும். மூன்றுக்குப் பக்கத்தில் பதினான்கு இருக்கும், பாதி தலைகீழாக நிற்கும். மடித்து வெட்டினால்தான் வரிசை வரும். அதற்குள் நாங்கள் அடுத்த வேலைக்குப் போயிருப்போம். எத்தனையோ புத்தகம் அடித்தவன், ஒன்றைக்கூட ஆரம்பத்திலிருந்து முடிவு வரை படித்ததில்லை. மகளின் புத்தகத்தையும் அப்படித்தான். ஜிலேபி கொடுத்தேன், அட்டையைத் தடவிப் பார்த்தேன், படிக்கவில்லை. மேலே சொன்ன கதையெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

கம்ப்யூட்டரில் அந்தப் பெரிய தாளைத் திறந்து வைத்திருந்தான் எங்கள் ஆபரேட்டர். பிகார்ப் பையன், நல்ல கைக்காரன். நான் எட்டிப் பார்த்தேன். மூலையில் தலைகீழாக என் பேத்தி. கன்னங்கரேலென்று, முகம் இருக்கிற இடமே தெரியாமல்.

“அரே பையா, பிள்ளையின் முகம் தெரிய வேண்டாமா? சேஹ்ரா ஸாஃப் கர் தோ” என்றேன். முகத்தைச் சுத்தம் பண்ணு என்று அர்த்தம். எங்கள் தொழிலில் வெளுப்பதற்கு அதுதான் சொல்.

“மேடம் நே தோ பாஸ் கர் தியா, அங்கிள்ஜி” என்று இழுத்தான். மேடம் ஒப்புக்கொண்டுவிட்டாரே என்கிறான்.

“மேடம் மேரி பேட்டி ஹை.” மேடம் என் மகள்தானே என்றேன்.

அதற்கு மேல் அவன் என்ன பேசுவான்? எல்லாப் பக்கத்திலும் வெளுத்தான். இருட்டுப் படத்தில் மட்டும் நான் பக்கத்தில் நின்று, “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று சொன்னேன். நிழலுக்குள்ளிருந்து பேத்தியின் முகம் பௌர்ணமி மாதிரி எழுந்து வந்தது. எனக்கு மனசு நிறைந்தது. யாரிடமும் சொல்லாமல் பேத்திக்கு ஒரு பரிசு செய்துவிட்டதாக நினைத்தேன்.

இதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை என்பதைத்தான் சொல்ல வேண்டும். முகம் வெளுக்கச் சொல்லாத கஸ்டமர் என் கடைக்கு வந்ததில்லை. மாப்பிள்ளை வீட்டார் சொல்வார்கள், எம்.எல்.ஏ.வின் ஆள் சொல்வான். சில பேர் வாய் திறக்க வெட்கப்படுவார்கள், நாமாகச் செய்து கொடுத்தால் போகும்போது கையைப் பிடித்து நன்றி சொல்வார்கள். நான் பேப்பர் தூக்கிய அச்சகத்து ஃபோர்மேன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. ‘காலு’ என்பார், கறுப்பா என்று. முகத்தை வெளுக்கிற வித்தையை எனக்குக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். அந்த வித்தையில் அவரைத் தாண்டிவிட்டேன் என்று வெகுநாள் இறுமாந்திருந்தேன்.

வெளியீட்டு விழா ஒரு தமிழ்ப் பள்ளிக்கூட ஹாலில். ஆர்.கே.புரம், முனிர்கா, மயூர் விஹார் என்று எங்கெங்கிருந்தோ தமிழ்க் குடும்பங்கள் வந்திருந்தன. பிள்ளைகள் எல்லாம் இங்கேயே பிறந்தவை. தமிழ் பேசும், எழுத்துக் கூட்டிப் படிக்கும், அதற்கே மூச்சு வாங்கும். அதனால்தான் ஒரு பக்கத்துக்கு ஒரு வரி வைத்த புத்தகத்துக்கு அவ்வளவு கூட்டம். நான் முன்வரிசையில் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புத்தகக் கட்டுகளை நானே காரில் கொண்டு வந்திருந்தேன். மகள் அப்போதுதான் முதன்முதலாக ஒரு பிரதியைக் கையில் எடுத்தாள். அட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

பேத்திதான் மேடையில் நின்று வாசிக்க வேண்டும் என்று ஏற்பாடு. பின்னால் திரையில் பக்கங்கள் பெரிதாகத் தெரிந்தன, என் ஷெட்டிலிருந்து போன அதே பக்கங்கள். பேத்தி தடவித் தடவி வாசித்தாள். “அவள்... ஒளிந்து... கொண்டாள். எங்கே... இருக்கிறாள்?” பக்கம் மாறியது.

கேள்வி முடிவதற்குள் ஒரு பொடியன் கத்தினான். “அரே, அங்கதானே உக்காந்திருக்கா!”

ஹால் முழுக்கப் பிள்ளைகள் கை நீட்டின. “திக் தோ ரஹி ஹை, தெரியுறாளே!” “இவ்ளோ வெள்ளையா தெரியுறா, அந்தப் பசங்களுக்குக் கண்ணு இல்லையா?” “ஆண்ட்டி, இது சீட்டிங். இவ மொதல்லயே அவுட்!”

பெரியவர்களும் சிரித்தார்கள். பேத்தி மட்டும் சிரிக்கவில்லை. திரும்பித் திரையைப் பார்த்தாள். கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாள். அதைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள், வீட்டில் பழகியபடி. மைக் வாயருகே இருந்தது.

“மம்மா, நான் எங்க?”

அப்போதுதான் எனக்குக் கதை புரிந்தது. ஒரு ஹால் ஜனத்துக்கு நடுவில், அந்தப் பிள்ளை கேட்ட பிறகு.

மகள் மேடையேறி, தன் பையிலிருந்த பழைய இந்திப் பிரதியை எடுத்துப் பேத்தியிடம் கொடுத்து, தமிழ் வரிகளைத் தானே சொல்லி முடித்தாள். அதன் பிறகு கேள்வி நேரம். ஒரு டீச்சர் அம்மா எழுந்தார். “விருது வாங்கின புத்தகத்துல குழந்தை கறுப்பு. தமிழ்ப் புத்தகத்துல மட்டும் சிவப்பா ஆக்கிட்டீங்க. நம்ம ஆளுங்க வாங்கணும்னா அப்படித்தான் செய்யணும்னு நினைச்சீங்களா?”

நான் எழுந்திருக்க வேண்டிய இடம் அது. முன்வரிசையில் இருந்தேன், குரலும் உண்டு. உட்கார்ந்திருந்தேன்.

மகள் என் பக்கம் திரும்பவில்லை. “இது என் பொறுப்பு. நான் இன்னும் கவனமா இருந்திருக்கணும்” என்றாள்.

விழா முடிந்ததும் ஒரு ரிட்டயர்டு ஆபீசர் வந்து என் கையைக் குலுக்கினார். “பிரிண்டிங் ஃபர்ஸ்ட் கிளாஸ் சார். பாப்பா முகம் என்ன லட்சணமா வந்திருக்கு!” வாழ்க்கையில் ஒருவர் என்னைப் பாராட்டும்போது நான் காதை மூடிக்கொள்ள நினைத்தது அந்த ஒரு தடவைதான்.

காரில் பேத்தி தூங்கிவிட்டாள். வீட்டுக்குள் நுழைந்ததும் நான் ஆரம்பித்தேன். “நல்லதுன்னு நினைச்சுத்தான் தாயி...”

“தெரியும்பா” என்றாள் மகள். அவள் சண்டை போட்டிருக்கலாம். ‘தெரியும்பா’ என்றதுதான் தாங்கவில்லை.

சண்டையை என் மனைவி போட்டாள். ஹால் சுவரில் மாட்டியிருக்கும் எங்கள் கல்யாணப் படத்தை விரலால் காட்டினாள். சொந்த மெஷின் வந்த வருஷம் அதைப் பெரிதாக்கி, அவள் முகத்தை நானே வெளுத்து அடித்தது. “எங்கூட இம்புட்டு வருசம் குடும்பம் நடத்திட்டு, செவத்துல வேற எவளையோ மாட்டி வச்சிருக்கீக. நானும் போகட்டும்னு தூசி தட்டிக்கிட்டு இருக்கேன். இப்ப பேத்தியையும் மாத்திட்டீகளாக்கும்? எப்பவாச்சும் உங்க மூஞ்சியை வெளுத்து அடிச்சீகளா?”

இல்லை. என் படம் எதையும் நான் அடித்ததில்லை. எடுத்துக்கொண்டதும் குறைவு.

மறுவாரம் அந்த டீச்சர் கேட்ட கேள்வி போனுக்குப் போன் பரவியது. ‘விருது வாங்க ஒரு நிறம், விற்க ஒரு நிறம்’ என்று யாரோ இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பியிருந்தார்கள். என் மகளைக் கூப்பிட இருந்த ஒரு பள்ளிக்கூடம் கூப்பிடவில்லை. கறுப்புப் பிள்ளைகளுக்காகப் படம் வரைந்தவளை, கறுப்பை விற்றுவிட்டாள் என்று பேசினார்கள். அவள் யாருக்கும் பதில் எழுதவில்லை. எழுதினால் ஒரே பதில்தான், அதில் நான் வருவேன். அதற்காகவே எழுதவில்லை.

பதிப்பகத்துப் பெண் கடைகளிலிருந்து பிரதிகளைத் திரும்ப எடுத்து என் ஷெட்டுக்கு அனுப்பிவிட்டாள். மறுஅச்சை வேறு இடத்தில் கொடுப்பதாக மரியாதையாகச் சொன்னாள். நான் அவள் ஆபீஸுக்கே போனேன். கெஞ்சிப் பழக்கமில்லாதவன், பாதி அதட்டல் மாதிரித்தான் வந்தது. “கெடுத்தவன் நான். சரி பண்ணவும் எனக்குத்தான் தெரியும். என் செலவு. உங்களுக்குப் பிடிக்கலைன்னா கிழிச்சுப் போட்டுட்டுப் போங்க” என்றேன். மகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். மகள் என்ன சொன்னாளோ, வேலை வந்தது.

அப்போதுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. இவ்வளவு வருஷத்தில் ஒரு கறுப்பு முகத்தை நான் சரியாக அடித்ததே இல்லை. ஆபரேட்டரிடம் மகளின் பழைய ஃபைலை அப்படியே போடச் சொன்னேன். ஆனால் என் மெஷினும் என் கையும் வெளுத்துப் பழகியவை. கறுப்பு மையைக் குறைத்தால் பிள்ளை சாம்பலாகிறாள். கூட்டினால் கரி அப்பின மாதிரி மூக்கும் கண்ணும் மூடிப்போகிறது. மை அதிகமானால் காயாமல் மேல்தாளின் முதுகில் ஒட்டுகிறது. இலையின் இருட்டுக்கு அடியில் நீலம் வேண்டும், பிள்ளையின் இருட்டுக்கு அடியில் சிவப்பும் மஞ்சளும் வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு மயிரிழை. அந்த மயிரிழையில்தான் அவள் ஒளிந்திருக்கிறாள். தாள் தாளாக வீணாக்கினேன். மெஷின்மேன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

ஒரு சனிக்கிழமை பேத்தியை ஷெட்டுக்கு அழைத்து வந்தேன். வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள். மெஷின் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு, விளக்குக்குக் கீழே விரித்திருந்த ஈரத் தாளைப் பார்த்தாள். தன் கையை அதன் பக்கத்தில் நீட்டி வைத்தாள்.

“கம் ஹை, தாத்தா. இன்னும்.” நிறம் குறைவாம்.

கூட்டினோம். மறுபடி கை வைத்தாள். “இன்னும்.”

“இதுக்கு மேலயா கண்ணு?”

“ஹாங். இல்லன்னா பிடிச்சிருவாங்க.”

மெஷின்மேனுக்குத் தமிழ் தெரியாது, அதனால் நான் ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டேன் என்று அவனுக்குப் புரிந்திருக்காது. கறுப்பைக் கூட்டினேன். அடுத்த தாளைச் சாய்த்துப் பார்த்தாள், குனிந்து பார்த்தாள், பிறகு ஒரு இடத்தில் விரலை வைத்து, “மில் கயீ!” என்றாள். கிடைத்துவிட்டாள். நானும் பார்த்தேன். என் கண்ணுக்கு அவள் விரல் காட்டிய பிறகுதான் தெரிந்தது.

படம் உள்ள தாளெல்லாம் அடித்தாயிற்று, மகளும் பதிப்பகத்துப் பெண்ணும் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டார்கள். இப்போது தகராறு கடைசிப் பக்கத்தில். யார் எழுதியது, யார் வரைந்தது, எங்கே அச்சிட்டது என்று பொடி எழுத்தில் வருமே, அந்தப் பக்கம். மகள் அதில் ‘இரண்டாம் அச்சு’ என்று மட்டும் போட்டால் போதும் என்கிறாள். நடந்ததையும் போட வேண்டும் என்கிறேன் நான்.

“விடுங்கப்பா, ஜனங்க மறந்துடுவாங்க. ஜல்தி வேலையை முடிங்க.”

“மறக்கிறது அவங்க இஷ்டம். உன் பேர்ல பழியை வச்சுட்டுத்தானே மறப்பாங்க?”

“அங்கிள், இந்த மாதிரி யாரும் போடுறதில்ல. உங்க பிரஸ்ஸுக்குத்தான் கெட்ட பேர்” என்றாள் பதிப்பகத்துப் பெண்.

கெட்ட பேர் வந்தால் வரட்டும். கட்டினதெல்லாம் நான் கட்டினது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவன், இதை மட்டும் எவர் தலையிலோ வைத்துவிட்டுப் போக முடியாது. அந்த ஹாலில் எழுந்து நிற்காதவனுக்கு எழுந்து நிற்க இனி இடம் அந்தப் பொடி எழுத்துதான்.

அந்தப் பக்கத்துக்கு இன்னும் பிளேட், அதாவது அச்சுத் தகடு, போடவில்லை. ஷெட் என்னுடையது, பிளேட்டும் என்னுடையது. இந்த வரிகள் இல்லாமல் போட மாட்டேன்: ‘முதல் அச்சில் குழந்தையின் நிறத்தை மாற்றியது அச்சகத்தார். ஓவியர் அறிந்து நடந்ததல்ல. இரண்டாம் அச்சில் அவள் நிறத்தில் அவளை அச்சடித்ததும் அதே கை.’ அதற்குக் கீழே என் முழுப் பெயர், அப்பா பெயரோடு சேர்த்து, என் மகளின் பெயர் என்ன எழுத்தளவில் இருக்கிறதோ அதே அளவில் வர வேண்டும்.